பதினோரு முறை ஐஸ்

உதவியாளர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்கள் நாலு பேருக்கும் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று துறைத்தலைவர் கேட்டார். நுண்ணோக்கியை எப்படித் துடைப்பது, சாயத்தை எப்படிக் கலப்பது என்பதெல்லாம் சுவரில் ஒட்டியிருக்கிறது. ஒட்டியவனே நான்தான், படித்துக்கொள்ளுங்கள். நான் எழுதப்போவது நான் செய்த ஒரு தப்பைப் பற்றி. முப்பத்திரண்டு வருஷம் கல்லூரியின் இந்தத் தாவரவியல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளனாக இருந்தேன். இதைவிடப் பெரிய கூத்தெல்லாம் நடந்திருக்கிறது. ஸ்பிரிட் விளக்கு கவிழ்ந்து ஒரு மேஜை பாதி எரிந்துபோனது, அந்தக் கறுப்பு இன்னும் ஜன்னலோரம் இருக்கிறது. ஆனால் இன்றைக்கும் நினைத்தால் காது சூடாவது இந்த ஒன்றுக்குத்தான்.

முதலில் என் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் தப்பு புரியாது.

தொண்ணூறுகளில் என் வேலை, வெங்காய வேர் நுனியைக் கண்ணாடித் துண்டில் வைத்து நசுக்கி, செல்கள் இரண்டாகப் பிரிவதைப் பிள்ளைகளுக்குக் காட்டுவது. மற்றவர்கள் செய்தால் குரோமோசோம்கள் ஒரே குப்பையாகக் கிடக்கும். நான் செய்தால் ஒவ்வொன்றும் தனித்தனியாக, விரல்விட்டு எண்ணும்படி கிடக்கும். வெளிக் கல்லூரிகளிலிருந்து தேர்வு நடத்த வரும் பேராசிரியர்கள்கூட என் ஸ்லைடு வேண்டுமென்று கேட்டு வாங்கிப் போனார்கள். "அவிய கைராசி அப்படி. அவிய தொட்டா குரோமோசோமே வரிசைல வந்து நிக்கும்" என்று எங்கள் அலுவலகத்தில் எல்லாரும் சொல்வார்கள். நான் ஒன்றும் சொல்லாமல் சிரித்துக்கொள்வேன். அந்தச் சிரிப்பில் எனக்கு ஒரு ருசி இருந்தது.

அந்தக் கைராசிக்குப் பெயர் ஐஸ். எனக்கு முன்னால் இருந்த உதவியாளர் ஓய்வு பெற்றுப் போகும் நாளில், சாவியைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "ஏலே, வேர நறுக்குததுக்கு முந்தி கொஞ்ச நேரம் ஐஸ்ல போட்டு வையி. குரோமோசோம் தானா பிரிஞ்சு நிக்கும்." புத்தகத்தில் வேறு மருந்துகள் போட்டிருந்தன. இது எங்கள் இரண்டு பேருக்கு மட்டுமே தெரிந்த வழி என்று நான் நினைத்துக்கொண்டேன். ஏன் பிரிந்து நிற்கிறது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பலன் கிடைத்தால் காரணம் எதற்கு?

இரண்டாயிரத்துக்கு அப்புறம் மூன்று நாலு வருஷம் கழித்து ஒரு ஆராய்ச்சி மாணவி வந்தாள். கயத்தாறுக்காரி. அப்பாவுக்கு நெடுஞ்சாலையில் லாரி டயர் பஞ்சர் பார்க்கும் கடை. அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் மதுரையில் இருந்தார். சாயம் ஏற்றியதை ஒளிரவைத்துக் காட்டும் நுண்ணோக்கியும் அங்கேதான். எங்கள் பக்கத்துக் கரிசல் நிலத்தில் வேலை இருந்ததால் இவள் எங்கள் கூடத்தில் ஒரு மேஜையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். என்னைவிட இருபது வயது இளையவள் என்றாலும் நேரில் 'நீங்க' என்றுதான் பேசுவேன். எழுதும்போது 'அவள்' என்று வருகிறது, கோபித்துக்கொள்ள மாட்டாள்.

அவள் பார்க்க வந்தது குரோமோசோமை இல்லை. செல் பிரியும்போது குரோமோசோம்களை இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டு போக மெல்லிய இழைகள் முளைக்கும், கதிர் இழைகள் என்போம். அந்த இழைகளைக் கட்டுவது யார் என்பதுதான் அவள் கேள்வி. எனக்குப் புரியவில்லை என்றதும், சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"அண்ணாச்சி, நம்ம உடம்புல இருக்க செல்லுல ஒரு மேஸ்திரி உண்டு. அவரு நடுவுல நின்னு, இங்கன இருந்து கட்டு, அங்கன இருந்து கட்டுன்னு சொல்லுவாரு. செடியில மேஸ்திரியே கிடையாது. சின்னச் சின்னப் புரதக் கூட்டமா அங்கங்க நிக்கும். ஒவ்வொரு கூட்டமும் நின்ன இடத்துல இருந்து ஒரு இழையத் தொடங்கி விடுது. ஆனா கடைசில பாத்தா பந்தல் நேரா நிக்குது. எப்படி நிக்குதுன்னுதான் பாக்கணும்."

"மேஸ்திரி இல்லாம எந்தப் பந்தல்ம்மா நேரா நின்னிருக்கு?" என்றேன்.

"அதான் அண்ணாச்சி அதிசயமே" என்றாள். அவள் முகத்தில் அப்போது இருந்த சந்தோஷம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அவளுக்கு வேண்டியது கரிசல் நிலத்திலேயே முளைத்த பருத்தி வேர். தொட்டியில் அள்ளிவைத்த மண் நிலத்து மண் ஆகாது என்று வழிகாட்டி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எட்டயபுரத்துக்கு அந்தப் பக்கம் பருத்தி விவசாயம் பார்க்கும் ஒரு சம்சாரி தன் புஞ்சையில் ஒரு மூலையை விட்டுக்கொடுத்தார். பங்குனி வெயிலில் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றி, வாரத்துக்கு ஒரு பாத்தி அவர் முளைக்க வைப்பார். நான் காலை முதல் பஸ்ஸில் போய் முளையை மண்ணோடு பிடுங்கி, கழுவி, கோவில்பட்டிக்குக் கொண்டுவர வேண்டும். வேரைப் பதப்படுத்தும் மருந்தை அப்போதைக்கப்போது கூடத்தில்தான் தயாரிக்க முடியும். அதன் நெடி கண்ணைக் கரிக்கும், பஸ்ஸில் எடுத்துப் போகிற சமாசாரம் இல்லை. ஆக, பிடுங்கியதற்கும் மருந்தில் விழுவதற்கும் நடுவில் நடை, பஸ்ஸுக்குக் காத்திருப்பு, பயணம் எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம்.

முதல் இரண்டு வாரமும் வேர் வாடி வதங்கித்தான் வந்து சேர்ந்தது. அவள் ஒன்றும் சொல்லாமல் தூக்கிப் போட்டாள். அவள் பேசாமல் இருந்ததுதான் எனக்குச் சுருக்கென்றது. கைராசிக்காரன் கொண்டுவந்த வேர் குப்பைக்கூடைக்குப் போவதா?

மூன்றாம் வாரம் தெர்மோகோல் பெட்டி ஒன்று தேடிப் பிடித்தேன். விடியற்காலையில் ஐஸ் கம்பெனியில் ஐஸ் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். முளையைப் பிடுங்கியதும் ஐஸுக்குள் வைத்தேன். கல்லூரி வாசலுக்கு வந்ததும் ஐஸை வேப்பமரத்தடியில் கொட்டிவிட்டு, அதே தண்ணீரில் நனைத்த துணியில் வேர்களைச் சுற்றி உள்ளே போனேன். அவள் பிரித்துப் பார்த்தாள். வேர் வெள்ளை வெளேரென்று, இப்போதுதான் பிடுங்கியது மாதிரி இருந்தது.

"அண்ணாச்சி! எப்படிக் கொண்டாந்தீங்க? துணி என்ன இப்படிக் குளிருது?"

"கிணத்துத் தண்ணிம்மா" என்றேன்.

அந்த ஒரு பொய்யை ஏன் சொன்னேன் என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். யாரும் கேட்டுத் திட்டப் போவதில்லை. ஐஸ் என்று சொன்னால், 'ஓ, ஐஸா' என்று விட்டிருப்பாள். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. 'அண்ணாச்சி கைராசி' என்று அவளும் சொல்ல வேண்டுமென்று எனக்கு ஆசை. சொன்னாள். அன்றைக்குச் சொன்னாள், அதற்கு அடுத்த வாரமும் சொன்னாள். ஐம்பது வயதில் பச்சைப் பிள்ளை மாதிரி பூரித்துப்போய் வீட்டுக்குப் போனேன்.

வாரா வாரம் அவள் ஸ்லைடுகளை மதுரைக்குக் கொண்டுபோய்ப் படம் எடுத்து வருவாள். படத்தில் இழை சிவப்பாகவும், இழையைத் தொடங்கி வைக்கும் அந்தப் புரதக் கூட்டம் பச்சைப் புள்ளியாகவும் தெரிய வேண்டும். எங்கள் வேரில் பச்சைப் புள்ளி இருந்தது. சிவப்பு இழையைக் காணோம். நாலாவது வாரமும் இல்லை, ஐந்தாவது வாரமும் இல்லை. அவள் முதலில் பயந்தாள். சாயத்தைச் சந்தேகப்பட்டாள், தன் கையைச் சந்தேகப்பட்டாள், எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தாள். என்னை மட்டும் சந்தேகப்படவில்லை. எட்டு, ஒன்பது முறை அதேபோல் வந்ததும் வழிகாட்டிக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. கரிசல் மண் பருத்தி வேறு ஏதோ வழியில் பிரிகிறது, இதுவரை யாரும் பார்க்காத ஒன்று இது என்றார். ஹைதராபாத்தில் ஒரு கருத்தரங்கில் அவள் அதைக் கட்டுரையாகப் படிப்பதாக ஏற்பாடு ஆயிற்று. அவளுடைய ஆராய்ச்சிக் காலம் அந்த வருஷத்தோடு முடிகிறது. கருத்தரங்கில் நல்ல பெயர் கிடைத்தால் இன்னொரு வருஷம் நீட்டிப்பார்கள், இல்லையென்றால் பாதியில் மூட்டை கட்ட வேண்டியதுதான். வீட்டில் இரண்டு வரன்களைத் தள்ளிப் போட்டிருந்தாள்.

ஐஸ் வாங்கத் தொடங்கியபின் பன்னிரண்டாவது முறை நான் போன அன்றைக்குத் திடீர் மழை. முந்தின நாள் காற்றில் மின்கம்பி அறுந்து ஐஸ் கம்பெனி மூடிக் கிடந்தது. வெறும் பெட்டியோடு போனேன். வானம் மூடியிருந்ததால் ஈரத்துணியில் சுற்றிய வேர் வாடாமலே வந்து சேர்ந்துவிட்டது. நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவள் கருத்தரங்குக்குக் கிளம்பும் நாள். சாயங்காலம் ஐந்தரைக்கு மதுரை பஸ், மறுநாள் அங்கிருந்து வழிகாட்டியோடு ரயில். நாலு மணிக்குப் படங்களை உறையில் போட்டுக்கொண்டிருந்தவள் ஒன்றை மட்டும் எடுத்து மேஜையில் வைத்தாள்.

"இது மட்டும் மத்ததோட சேராம கெட்டுப்போச்சு அண்ணாச்சி. கடைசியா கொண்டாந்தீங்கல்லா, அது. சம்சாரி விதைய மாத்திட்டாரு போல."

எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு செல்லிலும் சிவப்பு இழைகள் இரண்டு முனையிலும் குவிந்து, நடுவில் அகன்று, அத்தனை அழகாக இருந்தன. இத்தனை வருஷம் பிரியும் செல்லைப் பார்த்தவன், ஒரு நாள்கூட இந்த இழைகளை நான் பார்த்ததில்லை. கடைசியாகக் கொண்டுவந்தது மழை நாளில். ஐஸ் இல்லாத நாள் அந்த ஒரு நாள்தான். ஐஸில் போட்டால் குரோமோசோம் பிரிந்து கிடக்கிறதே, ஏன்? பிடித்து வைத்திருக்கும் இழை குளிரில் கரைந்துபோகிறது, அதனால். என் கைராசி முழுவதும் அந்த இழைகளை அழித்துத்தான் வந்திருக்கிறது. அவள் தேடி வந்ததோ அந்த இழையை.

"சரி அண்ணாச்சி, போயிட்டு வாரேன்" என்று அவள் கிளம்பினாள். நான் தலையாட்டினேன். ஆமாம், தலையாட்டினேன், வாயைத் திறக்கவில்லை. இதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

டீக்கடைக்குப் போய் உட்கார்ந்தேன். டீ ஆறிப்போனது. பதினொன்றுக்கு எதிராக ஒன்று, யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு யோசனை. கைதட்டல் வாங்கட்டும், நீட்டிப்புக் கிடைக்கட்டும், அப்புறம் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இன்னொரு யோசனை. அவள் நல்லதுக்காகத்தான் வாயை மூடியிருக்கிறேன் என்று என்னையே நம்பவைக்கப் பார்த்தேன். அந்த நேரத்தில் ஒரு காட்சி மனசில் வந்தது. பெரிய அரங்கில் அவள் நிற்கிறாள். யாரோ ஒருவர் எழுந்து, 'வேரைக் குளிரில் வைத்தீர்களா?' என்று கேட்கிறார். அவள் நிமிர்ந்து நின்று, 'இல்லை' என்கிறாள். பொய் என்று தெரியாமலே என் பொய்யைச் சொல்கிறாள். டீயைக் குடிக்காமலே எழுந்து ஓடினேன்.

பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் மடியில் உறையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்ததும், "என்ன அண்ணாச்சி, ஏதும் மறந்துட்டேனா?" என்றாள்.

"நான்தான்மா மறைச்சிட்டேன்" என்றேன். பெட்டி, ஐஸ் கம்பெனி, வேப்பமரத்தடி எல்லாவற்றையும் சொன்னேன். பஸ் நகர்ந்துவிட்டது. கண்டக்டர் வந்து தோளைத் தட்டினார்.

"அண்ணாச்சி, எங்க போறீய?"

"சாத்தூருக்கு ஒண்ணு" என்றேன். மதுரை வழியில் பஸ் முதலில் நிற்கும் ஊர் அது, வேறு என்ன சொல்வது?

அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் திரும்பினாள். கண் நிறைந்திருந்தது. "கிணத்துத் தண்ணின்னு சொன்னீங்களே!" என்றாள். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும்படி சத்தமாகவே சொன்னாள். "எல்லாத்தையும் சந்தேகப்பட்டேன் அண்ணாச்சி. என்னையே சந்தேகப்பட்டேன். உங்கள ஒரு வார்த்த கேக்கல. கைராசின்னு நம்பிட்டேன்."

டிக்கெட்டை விரலில் சுருட்டிக்கொண்டிருந்தேன். இன்னும் கொஞ்ச தூரம் போனபின், "எத்தனை தடவ வச்சீங்க?" என்று கேட்டாள்.

"பதினோரு தடவ."

"ஒவ்வொரு தடவையும் எம்புட்டு நேரம்?"

"ஒன்றரை மணி நேரம் இருக்கும்."

"மழை பெஞ்ச அன்னைக்கு மட்டும் இல்ல."

"இல்ல."

அதற்குமேல் அவள் என்னிடம் கோபப்படவில்லை. கணக்குப் போடுகிற மாதிரி உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. சாத்தூர் வந்ததும், "இறங்குங்க" என்று சொல்லிவிட்டு, எனக்கு முன்னால் அவள் பையோடு இறங்கினாள்.

பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு தொலைபேசிக் கடை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நான் நின்றேன், ஆனாலும் எல்லாம் கேட்டது. "சார், நான் வரல. நம்ம படமெல்லாம் ஐஸ்ல வச்ச வேரோட படம் சார்." அந்தப் பக்கம் வழிகாட்டி கத்துவது எனக்கே கேட்டது. யார் ஐஸில் வைத்தது என்று கேட்டிருக்க வேண்டும். அவள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். "நாங்க வச்சதுதான் சார்" என்றாள். அந்த 'நாங்க' என்ற சொல்லுக்கு நான் தகுதியில்லாதவன். எனக்கு அது தெரியும், அவளுக்கும் தெரியும்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் ஒரே ஒரு விஷயம்தான் பேசினாள். "அடுத்த பாத்தி எப்ப முளைக்கும் அண்ணாச்சி? ஐஸோட ஒரு பங்கு வேணும், ஐஸ் இல்லாம ஒரு பங்கு வேணும். இன்னொரு பங்க ஐஸ்ல வச்சு எடுத்து, வெதுவெதுன்னு தண்ணில விட்டு, ஒவ்வொரு நிமிஷமா மருந்துல போடணும்."

"அது எதுக்கு?"

"கரைஞ்சது திரும்ப முளைக்கும்லா? எங்க இருந்து முளைக்குதுன்னு பாத்துருவோம்."

அதையும் செய்தோம். இந்தத் தடவை இரண்டு பேரும் சேர்ந்து புஞ்சைக்குப் போனோம். அடுத்த வாரம் மதுரையிலிருந்து அவள் கொண்டுவந்த படங்களை மேஜையில் வரிசையாகப் பரப்பினாள். ஐஸில் இருந்த வேரில் பச்சைப் புள்ளி மட்டும். வெதுவெதுப்பில் ஒரு நிமிஷம் இருந்ததில் சில புள்ளிகளில் மயிரிழை மாதிரி சிவப்பு. மூன்றாம் நிமிஷத்தில் கொத்துக் கொத்தாக. பத்தாம் நிமிஷத்தில் பந்தல் நின்றுவிட்டது. நடுவில் மேஸ்திரி யாரும் இல்லை. அங்கங்கே நின்ற கூட்டங்கள் தொடங்கி வைத்த இழைகள் ஒன்றையொன்று தேடிப் பிடித்துச் சேர்ந்திருந்தன. அவள் அந்தப் படத்தின் மேல் விரலை வைத்து, "பாத்தீங்களா அண்ணாச்சி, பாத்தீங்களா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

உலகத்தைப் புரட்டிய கண்டுபிடிப்பு இல்லை அது. குளிரில் இழை கரையும் என்பது பெரிய ஊர்களில் எல்லாருக்கும் தெரிந்ததுதான், எனக்குத்தான் தெரியவில்லை. அந்த வருஷம் ஹைதராபாத் போனது போனதுதான். நீட்டிப்பு ஆறு மாதம் மட்டும் கிடைத்தது. வழிகாட்டி அவளோடு முகம் கொடுத்துப் பேச ரொம்ப நாள் ஆயிற்று. ஆனாலும் அந்த ஆறு மாதத்தில் ஆய்வேட்டை முடித்தாள். வாய்மொழித் தேர்வில் குளிரைப் பற்றித்தான் முதல் கேள்வி கேட்டார்களாம். அவளுக்கு அது அல்வா சாப்பிடுகிற மாதிரி. இப்போது வேறு ஊரில் அவளே நாலு பேருக்கு வழிகாட்டி. பொங்கலுக்குப் போன் பண்ணுவாள். எல்லாம் பேசுவாள், கைராசி என்ற சொல்லை மட்டும் அதற்கப்புறம் அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. எனக்கு அந்த வருஷங்கள் போய்விட்டதே என்று இருக்கிறது. அந்த மேஜையும், அந்த முதல் பஸ்ஸும், பாத்தியில் அவள் குனிந்து வேரைக் கழுவியதும் கனவில்கூட வருகின்றன.

நீங்கள் நல்ல எண்ணத்தோடு நிறையச் செய்வீர்கள். சூடு பட்டுவிடக்கூடாது என்று ஒன்றை மூடி வைப்பீர்கள், காய்ந்துவிடக்கூடாது என்று ஒரு சொட்டு விடுவீர்கள். செய்யுங்கள். செய்ததைச் சொல்லுங்கள். பாராட்டு கிடைக்கும்போது இன்னும் சத்தமாகச் சொல்லுங்கள்.

ஸ்லைடு பதிவேட்டில் வலது ஓரத்துக் கடைசிப் பத்தியைப் பார்த்திருப்பீர்கள், 'இடையில் நடந்தது' என்று தலைப்பு. இது எதற்கு என்று உங்களில் ஒருவர் கேட்டதாகத் துறைத்தலைவர் சொன்னார். சாத்தூரிலிருந்து திரும்பிய மறுநாள் காலை, அடிக்கோலை வைத்துக் கோடு இழுத்து அந்தப் பத்தியை அவள் போட்டாள். பேனாவை என்னிடம் நீட்டினாள். அவளுடைய பழைய பதிவுகள் ஒவ்வொன்றுக்கும் நேராக என் கையெழுத்தில் எழுதினேன்: ஐஸ், நான் வைத்தது. பதினோரு முறை எழுதினேன்.

பன்னிரண்டாவது வரிக்கு வந்ததும் அவள் பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளே எழுதினாள்: 'ஐஸ் இல்லை. அண்ணாச்சி சொன்னார்.'

பழைய பதிவேடு இரண்டாவது அலமாரியில் கீழ்த்தட்டில் இருக்கிறது. போய்ப் பாருங்கள்.